பின்பக்க இடது ஸ்பீக்கர்

பிப்ரவரி 3

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே நலம். அங்கே எப்படி என்று நீதான் சொல்ல வேண்டும். நாள் முழுக்க ஸ்டுடியோவில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பவனுக்கு அக்கா போன் அடித்தால் எங்கே கேட்கப் போகிறது? எனக்கும் போனில் பாதிதான் விளங்குகிறது. ஆகவே வழக்கம்போலக் காகிதம்.

ஒரு யோசனை வேண்டும். ஹோம் தியேட்டர் வாங்கப் போகிறேன். சிரிக்காதே.

உன் அத்தான் முப்பது வருஷம் தியேட்டரில் படம் ஓட்டினார். ஆனால் ஒரு படத்தைக்கூட ஹாலில் உட்கார்ந்து முழுதாகக் கேட்டதில்லை. ஆபரேட்டர் அறையில் அவருக்குக் கேட்டதெல்லாம் புரொஜக்டர் இரைச்சல்தான். வீட்டில் ஒரு செட் வாங்கலாம் என்று எத்தனை தடவை கேட்டார். "ஒத்தக் காதுக்காரிக்கு அஞ்சு ஸ்பீக்கர் எதுக்கு" என்று நானே வாயை அடைத்துவிட்டேன். அவர் போய் எட்டு மாதமாகிறது. அந்த வார்த்தைக்குப் பரிகாரமாகத்தான் இந்தச் செட்.

அவர் வீட்டில் படம் பார்ப்பதே ஒரு வேடிக்கை. பிரம்பு நாற்காலியை என் இடது பக்கம், அந்தச் செவிட்டுக் காதுப் பக்கம்தான் போட்டுக்கொள்வார். "உனக்குக் கேக்காத பக்கம்னாதான் நான் நிம்மதியா முணுமுணுக்கலாம்" என்பார். பழைய படங்களில் ரீல் மாறும் இடத்தில் திரை மூலையில் ஒரு புள்ளி மின்னுமாம். அதற்கு ஒரு நொடி முன்னால் "இப்ப" என்று சொல்வாராம். கல்யாணமாகி முப்பத்தோரு வருஷத்தில் ஒரு தடவையும் அது என் காதில் விழவில்லை.

கூடம் பத்துக்குப் பன்னிரண்டு அடி. இருபதாயிரத்துக்கு மேல் முடியாது. கடைக்காரர், "ஆயிரம் வாட்ஸ்ம்மா, சுவரே ஆடும்" என்கிறார். எனக்குச் சுவர் ஆட வேண்டாம். எதை வாங்குவது என்று எழுது. மே மாதம் அங்கே வந்து உன்னோடு தங்குகிறேன் என்றேனே, அதில் மாற்றமில்லை. செட்டையும் தூக்கிக்கொண்டு வருகிறேன்.

அன்புடன்,
அக்கா


பிப்ரவரி 11

அன்புள்ள அக்காவுக்கு,

சிரித்தேன். பிறகு உன் கடிதத்தை மறுபடி படித்தேன்.

வாட்ஸைப் பார்த்து ஏமாறாதே. பெட்டியில் அச்சடிப்பதற்குக் காசா பணமா? உன் கூடத்துக்குக் கையடக்கமான ஸ்பீக்கர் ஐந்து, அடித்தொனிக்கு ஒரு சின்ன சப்வூஃபர் போதும். கடைக்காரர், டிவிக்கு அடியில் வைக்கிற ஒற்றைக் கட்டை ஸ்பீக்கரை, "பின்னாடியும் கேக்கும்மா" என்று தலையில் கட்டப் பார்ப்பார். வேண்டாம். பின்பக்கம் இரண்டு ஸ்பீக்கர் தனியாக இருக்கட்டும். உட்கார்ந்தால் காதுக்குக் கொஞ்சம் மேலே வருகிற உயரத்தில் மாட்டச் சொல்.

முக்கியமாக, அளவெடுக்கும் மைக் கூட வருகிற செட்டாகக் கேள். கட்டைவிரல் அளவுதான் இருக்கும். உட்காரும் இடத்தில் தலை இருக்கும் உயரத்தில் அதை வைத்துப் பட்டனை அழுத்தினால், ஒவ்வொரு ஸ்பீக்கரும் உஸ்ஸென்று ஒலிக்கும். சத்தம் எங்கே குறைகிறதோ அங்கே மிஷின் தானே ஏற்றிக்கொள்ளும். அந்த நேரம் ஃபேனை நிறுத்து, கதவைச் சாத்து, கூடத்தில் யாரும் இருக்கக் கூடாது. எதை எவ்வளவு ஏற்றியது என்று திரையில் எண்கள் வரும், எழுதி அனுப்பு.

மே மாதத்துக்காக மாடி அறைக்கு வெள்ளையடித்தாகிவிட்டது. நீயும் தனி, நானும் தனி. எத்தனை நாளைக்கு?

உன்,
வாலு


பிப்ரவரி 27

அன்புள்ள தம்பிக்கு,

வாங்கிவிட்டேன். பத்தொன்பதாயிரத்தில் முடிந்தது. நீ சொன்னபடியே கேட்டதால் கடைக்காரர் என்னைச் சவுண்ட் இன்ஜினியர் ரேஞ்சுக்கு மரியாதை செய்தார்.

ஒன்றில் மட்டும் உன் பேச்சை மீறினேன், திட்டாதே. மைக்கை என் சோபாவில் வைக்கவில்லை. அவர் நாற்காலியில், ஒரு குச்சியில் கட்டி, அவர் தலை இருக்கும் உயரத்தில் வைத்தேன். யாருக்காக வாங்கினேனோ அவருக்குத்தானே அளவெடுக்க வேண்டும்? ஃபேனை நிறுத்தி, கதவைச் சாத்திவிட்டு, சமையலறையில் போய் நின்றுகொண்டேன்.

எண்கள்: முன்பக்கம் இரண்டும் பூஜ்யம். நடு ஸ்பீக்கர் ஒன்று. பின்பக்க வலது ஒன்று. பின்பக்க இடது ஆறு. சரிதானே?

அன்புடன்,
அக்கா


மார்ச் 6

அன்புள்ள அக்காவுக்கு,

சரியில்லை. பின்பக்க இடது ஆறு வரக் கூடாது. அந்த ஸ்பீக்கர் நாற்காலிக்கு நேர் பின்னால் இருக்கிறது. நடுவில் ஏதோ ஒன்று சத்தத்தைக் குடித்ததால்தான் மிஷின் அவ்வளவு ஏற்றியிருக்கிறது. தலையணை, மடித்த போர்வை எதையாவது நாற்காலியில் விட்டுவிட்டாயா? எடுத்துவிட்டு மறுபடி அள.

என் வேலையில் இந்த எண்ணை நூறு தடவை பார்த்திருக்கிறேன். அளவெடுக்கும்போது எழுந்து போகச் சோம்பல்பட்டு யாராவது நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தால் ஆறு வரும். பக்கத்து வீட்டுக்காரர்கள் யாராவது கூடத்தில் இருந்தார்களா?

உன்,
வாலு


மார்ச் 15

அன்புள்ள தம்பிக்கு,

யாரும் இல்லை. நாற்காலியில் தலையணையும் இல்லை, துணியும் இல்லை. மூன்று நாள், மூன்று தடவை அளந்தேன். மூன்றிலும் ஆறு. மைக்கை என் சோபாவில் வைத்தால் ஒன்று. நாற்காலியைச் சமையலறைக்குத் தூக்கிப் போய்விட்டு, மைக்கை மட்டும் அதே இடத்தில் நிறுத்தினேன். அப்போதும் ஒன்றுதான். நாற்காலியைத் திரும்பக் கொண்டுவந்து போட்டேன். ஆறு.

முதலில் அந்த எண்ணை நம்பவில்லை. அப்புறம் அது அவர்தான் என்று புரிந்துகொண்டேன். இப்போது தினமும் மூன்று மணிக்குப் படம் போடுகிறேன். அதற்கு முன்னால் ஒரு தடவை அளந்துவிடுகிறேன். ஆறு வந்த பிறகுதான் படம்.

மே மாதத்தைப் பற்றி வருத்தப்படாதே. ஆள் இருக்கிற வீட்டைப் பூட்டிக்கொண்டு நான் எப்படி வருவது?

அன்புடன்,
அக்கா


ஏப்ரல் 4

தம்பிக்கு,

சொல்லாமல் கொள்ளாமல் வந்தாய், சந்தோஷப்பட்டேன். நீயே அளக்கிறேன் என்றாய், சரி என்று சமையலறையில் போய் நின்றேன். வெளியே வந்து, "ஒண்ணுமில்லக்கா, நாற்காலி முதுகு உயரம், அதான். எல்லாத்தையும் சரி பண்ணிட்டேன்" என்றாய். சாப்பிட்டாய். கிளம்பினாய்.

நீ போன பிறகு மைக்கைத் தேடினேன். மேஜை, அலமாரி, சோபா இடுக்கு எல்லாம் பார்த்துவிட்டேன். நீதான் எடுத்துக்கொண்டு போயிருக்கிறாய்.

மாடிப்படியில் நீ என்னைத் தள்ளியதை நான் அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. கால் இடறிற்று என்றேன். இந்தக் காது போனதற்கு உன்னை ஒரு நாளும் குற்றம் சொன்னதில்லை. அப்போது உனக்கு ஆறு வயது. இப்போது ஐம்பத்து மூன்று. இப்போது நீ எடுத்ததை மன்னிக்க எனக்கு மனசு வரவில்லை.

மைக்கை அனுப்பு. அது வரும்வரை கடிதம் வேண்டாம்.

அக்கா


ஏப்ரல் 19

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதம் வேண்டாம் என்றாய். ஆனாலும் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்.

மைக்கை எடுத்தது நான்தான். நாற்காலி முதுகு என்று சொன்னதும் பொய், ஓட்டைப் பிரம்பு அவ்வளவு சத்தத்தை மறைக்காது. அன்றைக்கு எனக்கும் ஆறுதான் வந்தது. எனக்குப் பயம், அத்தானிடம் இல்லை. அந்த எண்ணைப் பார்த்துக்கொண்டே நீ அங்கேயே இருந்துவிடுவாய் என்றுதான். உன் காதைக் கெடுத்தவன் நான். கடைசிக் காலத்திலாவது உன்னைப் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று பல வருஷமாக நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

வீட்டுக்கு வந்ததும் என் செட்டில் அதைச் செருகி அளந்தேன். மைக் பழுதோ என்று பார்க்கத்தான். என் வேலை அறையில் நாற்காலிகூடக் கிடையாது, ஒரு ஸ்டூல்தான். வெறும் தரையில் ஸ்டாண்டில் நிறுத்திவிட்டு வெளியே போய் நின்றேன். பின்பக்க இடது ஒன்று. மறுநாள் மூன்று. அதற்கடுத்த நாள் ஐந்து. நேற்று எட்டு. எண் ஏற ஏற ஆள் மைக்குக்குக் கிட்டே வருகிறார் என்று அர்த்தம்.

அத்தான்தான் அக்கா. மைக்கோடு கூடவே வந்துவிட்டார். என்னிடம் ஏதோ சொல்ல வருகிறார் போலிருக்கிறது. இப்போதுகூட மைக் இந்த மேஜைமேல்தான் இருக்கிறது. பக்கத்தில் ஒருவர் நிற்பதுபோல அறைச் சத்தமே அமுங்கிக் கிடக்கிறது. முதலில் பயமாக இருந்தது. நம் வீட்டு மனிதர்தானே என்று பழகிக்கொண்டேன்.

இனி அந்த வீட்டில் உனக்கு என்ன இருக்கிறது? அவர் இங்கே இருக்கிறார். நாற்காலியை எடுத்துக்கொண்டு நீயும் வந்துவிடு.

உன்,
வாலு


ஏப்ரல் 25

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் இன்று காலைதான் வந்தது. கோபமெல்லாம் போய்விட்டது. இதைக் கையோடு தபாலில் போடுகிறேன். போனும் செய்து பார்த்தேன், நீ எடுக்கவில்லை.

எனக்கு இனி மைக் வேண்டாம். அது இல்லாத கோபத்தில் பின்பக்க ஸ்பீக்கர் இரண்டின் ஒயரையும் பிடுங்கிப் போட்டிருந்தேன். நேற்று மூன்று மணிக்கு டிவியில் ஒரு பழைய படம். பாதியில் என் இடது காதில், நாற்பத்தேழு வருஷமாக ஒரு சத்தமும் போகாத காதில், "இப்ப" என்று கேட்டது. நிமிர்ந்து பார்த்தேன். திரை மூலையில் புள்ளி மின்னியது. படம் முடிவதற்குள் இன்னும் மூன்று தடவை சொன்னார். மூன்று தடவையும் புள்ளி வந்தது. நான் அழுத அழுகையில் படத்தின் கதை போன இடம் தெரியவில்லை.

அவர் இங்கேதான் இருக்கிறார், தம்பி. எங்கேயும் போகவில்லை.

உன் கடிதத்தை நாலு தடவை படித்தேன். உன் அத்தானை எனக்குத் தெரியும். உட்கார்ந்தால் உட்கார்ந்த இடம்தான், வீடு இடிந்தாலும் எழுந்திருக்க மாட்டார். இங்கே எண் ஆறைத் தாண்டியதே இல்லை. உன் அறையில் நாளுக்கு நாள் கிட்டே வருவது அவர் இல்லை.

மறுபடி அளக்காதே. மைக்கைத் தொடவே தொடாதே, இருக்கிற இடத்திலேயே கிடக்கட்டும். அறைக் கதவைச் சாத்திவிட்டுக் கிளம்பு. துணிமணிகூட எடுத்து வைக்க வேண்டாம். சோபாவில் என் வலது பக்கம் காலியாகத்தான் இருக்கிறது, அது உனக்கு.

வா. தனியாக வா.

அன்புடன்,
அக்கா