அன்புள்ள பதினாலு

அம்மாவுக்கு உன் வாலு எழுதுவது. நான் சௌக்கியம். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? அப்பாவைத் தைலம் தேய்த்துவிடச் சொல், வெட்கப்படாதே.

போன வாரம் இங்கே ஒரு கூத்து. ஒரு பல் மருத்துவமனைக்கு, நோயாளிகளுக்குக் கடிதம் அனுப்பும் புரோகிராம் எழுதினேன். அதில் லூப் என்று ஒன்று, செய்ததையே திரும்பத் திரும்பச் செய்யும்; நோயாளிகள் பட்டியலில் ஒவ்வொரு இடமாகப் போகும். அங்கிருக்கும் பெயரை எடுத்துக் கடிதம் எழுதும் ஃபங்ஷன் என்ற இன்னொரு பகுதியிடம் கொடுக்க வேண்டும். நானோ பெயரை விட்டுவிட்டு வரிசை எண்ணைக் கொடுத்துவிட்டேன். அது என்ன செய்யும் பாவம், கொடுத்ததை எழுதியது. ஐம்பது பேருக்கும் "அன்புள்ள ஒன்று", "அன்புள்ள இரண்டு" என்று கடிதம் போய்விட்டது. பதினாலாவதாக இருந்த பெரியவர் ஃபோனில் பிடித்துக்கொண்டார்: "பல்லுதாம்மா போச்சு, பேரு இன்னும் இருக்கு!" மன்னிப்புக் கேட்டு, ஒரே வரியில் சரிசெய்துவிட்டேன். பெரிதாகத் திட்டு விழவில்லை.

ஆபீசில் என்னை "மூணாவது சீட்" என்றுதான் சொல்கிறார்கள். அதனால் உனக்கு ஒரு சின்ன வேலை. காலையில் "ஏய் வாலு, எந்திரிடி!" என்று கத்துவாயே, அதை ஃபோனில் பதிவு செய்து அனுப்பு. அலாரத்தில் வைக்கத்தான், வேறொன்றுமில்லை.

பஸ் வந்துவிட்டது. மூன்று தடவை கத்து அம்மா, ஒரு தடவையில் நான் எழமாட்டேன்.