பெரிய வெள்ளியில் ஒரு வாய் குளுக்கோஸ்

என் ஆசை எலிசா அக்காவுக்கு,

எப்படி இருக்கிறாய் என்று கேட்க வாய் வருகிறது. கேட்டு என்ன செய்ய? ஆவடி குவார்ட்டர்ஸில் நாங்கள் எல்லோரும் இருக்கிறோம். நீ யாருக்காக வேண்டிக்கொண்டாயோ, அந்த என் மகன் பத்தாவது போய்விட்டான். உனக்கிருந்த சர்க்கரை வியாதி எனக்கும் வந்துவிட்டது. தினம் காலையில் இன்சுலின் ஊசி.

உன்மேல் எனக்குக் கோபம், அக்கா. அவன் மஞ்சள்காமாலையில் கிடந்தபோது, அவன் ஆளாகும்வரை பெரிய வெள்ளிதோறும் ஒருசந்தி நோன்பு இருப்பதாக உன்னை யார் வேண்டிக்கொள்ளச் சொன்னது? ஒருசந்தி என்றால் ஒருவேளையாவது சாப்பிடலாம். நீ பல்லில் பச்சைத் தண்ணீர் படாமல் இருந்தாய். ஊசியை மட்டும் விடவில்லை. "ஊசி இன்னா சோறாடி? அது ஒருசந்திய முறிக்காது" என்று சிரித்தாய். சோறு இறங்காத உடம்பில் அந்த ஊசி சர்க்கரையை ஒரேயடியாய் இறக்கிவிடும் என்று நம் வீட்டில் யாருக்குத் தெரியும்?

கோயிலில் ஆண்டவர் பட்ட பாடுகளை வாசிக்கும்போது உனக்கு வேர்த்துக் கொட்டியது, உளறினாய். ஆண்டவரை நினைத்து உருகுகிறாள் என்று சுற்றி நின்று செபம் சொன்னார்கள். ஆஸ்பத்திரி போவதற்குள் போய்விட்டாய்.

இப்போது அம்மா என்னைப் பிடித்துக்கொண்டாள். "உன் புள்ளைக்காவத்தானே அவ வேண்டிக்கினா? மீதிய நீதான் முடிக்கணும்." டாக்டரோ, "ஊசி போட்டா நேரத்துக்குச் சாப்பிட்டே ஆகணும். பையில எப்பவும் குளுக்கோஸ் இருக்கணும்" என்கிறார். நோயாளிக்கு ஒருசந்திக் கடமை இல்லை என்று கோயில் சாமியாரே சொல்லிவிட்டார். அம்மா கேட்டால்தானே! சாப்பிட்டால் உனக்குத் துரோகம், சாப்பிடாவிட்டால் என் மகனுக்குத் தாய் இல்லை. நான் எங்கே போவேன், சொல்.

நேற்று பெரிய வெள்ளி. காலையில் ஊசி போட்டு இட்லி சாப்பிட்டேன். மதியம் அம்மா முகத்தைப் பார்த்ததும் சோறு இறங்கவில்லை. கோயிலில் ஒரு பக்கம் சுவர், ஒரு பக்கம் அம்மா, முன்னும் பின்னும் ஜனம். சிலுவையை முத்தமிடப் போகும் வரிசை நகரவேயில்லை. கை நடுங்கியது, நெஞ்சு படபடத்தது, ஜாக்கெட் நனைந்துவிட்டது. காலையில் உள்ளே போன ஊசி மருந்தை இனி வெளியே எடுக்க முடியுமா? பைக்குள் கைவிட்டேன். அம்மா என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"இன்னும் கொஞ்ச நேரம்தான், பொறுத்துக்கடி. எல்லாரும் பாக்குறாங்க."

"பாக்கட்டும். உடும்மா!"

உதறிவிட்டு, குளுக்கோஸ் பொட்டலத்தைப் பல்லால் கிழித்து வாயில் கொட்டினேன். புடவையெல்லாம் மாவு. பின்வரிசையில் யாரோ "ச்சே" என்றார்கள். கொஞ்ச நேரத்தில் நடுக்கம் நின்றது, வேர்வை அடங்கியது. அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இவ்ளோதானா?" என்றாள். "இத குடுத்திருந்தா அவளும் இருந்திருப்பாளாடி?"

புடவையில் கொட்டிய மாவைத் தட்டிவிட்டேன், அக்கா.

உன் வேண்டுதலை நான் முடிக்கப் போவதில்லை. அடுத்த பெரிய வெள்ளிக்கு நேரத்துக்குச் சோறு தின்றுவிட்டுத்தான் கோயிலுக்குப் போவேன். அம்மாவின் கேள்விக்கு 'ஆமாம்' என்ற பதிலை அவளிடம் சொல்லாமல், அவள் காலம் முடியும்வரை அவள் பக்கத்திலேயே உயிரோடு இருப்பேன். இது சத்தியம்.

நீ விட்டுப்போன ஒரே தங்கச்சி,
லூர்து