யாரும் உட்காராத ஆறு பெஞ்சுகள்

பிப்ரவரி 3, 2025

மனம் ஒரு வரிசையில் நிற்பதில்லை. எழுதினாலாவது நிற்கிறதா பார்ப்போம்.

1. பூங்காவின் ஆறு கல்பெஞ்சுகளிலும் யாரும் உட்காருவதில்லை.
2. அதற்குக் காரணம் நான்.
3. கல்லைப் புரட்டிப் போடச் சொன்னால் ராஜதாஸ் சம்மதிக்கமாட்டார்.
4. பதினெட்டாம் தேதி, பூங்காவுக்குப் பணம் தரும் நிதியத்திலிருந்து அனகா வந்து பார்ப்பார்.

இனி ஒவ்வொன்றாக.

பிப்ரவரி 4

முதலாவது. குளக்கரையில் ஊரே குப்பை கொட்டிய இடம்தான் பூங்கா ஆனது. பலரிடம் நன்கொடை சேர்த்துப் பொதுப் பூங்காக்களுக்குக் கொடுக்கும் நிதியம் ஒன்று திருவனந்தபுரத்தில் உண்டு. நடைபாதை, விளக்கு, தோட்டக்காரரின் சம்பளம் எல்லாம் அவர்கள் தருவது. பெஞ்சுகளை மட்டும் ஊர் தர வேண்டும் என்றார்கள். ஆறு குடும்பங்கள் தந்தன.

இன்று மாலை ஒரு மணி நேரம் பூவரசு மரத்தடியில் நின்று பார்த்தேன். தனுவச்சபுரத்தில் படிக்கும் பிள்ளைகள் புல்லில் இருந்தார்கள். எதிர்வீட்டு விலாசினி, மூட்டுவலிக்காரி, நடைபாதை விளிம்பில் பேப்பர் விரித்து உட்கார்ந்திருந்தாள். பெஞ்சில் ஒருவரும் இல்லை.

பிப்ரவரி 6

இரண்டாவது. எழுதக் கூச்சமாக இருக்கிறது. பெஞ்சு தந்தவர்கள் இறந்தவர் பெயரைப் பொறிக்க விரும்பினார்கள். பூங்காக் குழுவின் செயலாளர் நான். எல்லாம் ஒரே ஒழுங்கில் இருக்கட்டும் என்று வாசகம் எழுதி ஜெனிலிடம் கொடுத்தேன். அவன் கல்லறைக் கல் வெட்டுகிறவன். படம், பெயர், பிறப்பு, இறப்பு — உட்காரும் பலகையின் நடுவிலேயே வெட்டிவிட்டான். நான்தான் அப்படி வரைந்து கொடுத்திருந்தேன். அதில் ஒன்று என் மனைவி சத்தியபாயுடையது.

முப்பத்திரண்டு வருடம் பௌதிகம் கற்பித்தவன். இது எப்படித் தோன்றாமல் போயிற்று?

பிப்ரவரி 10

நிதியத்திலிருந்து அனகா போனில் பேசினார். பதினெட்டாம் தேதி வந்து பார்க்கப்போவது மக்கள் பூங்காவைப் பயன்படுத்துகிறார்களா என்பதைத்தானாம். இல்லையென்றால் அடுத்த வருட உதவி ஆரியங்கோட்டுப் பூங்காவுக்கு. நன்றாகப் பயன்படுத்துகிறார்கள் என்று சொல்லிவிட்டேன். எதுக்குச் சொன்னேன்? தோட்டக்காரர் நின்றால் மூன்றே மாதத்தில் மறுபடி குப்பைதான்.

பிப்ரவரி 11

ஜெனிலைப் பார்த்தேன். பலகையைப் புரட்டினால் எழுத்து அடியில் போய்விடும், ஒரு நாள் வேலை என்றான். "ஆனா ராஜதாஸ் அண்ணன்கிட்ட நீங்களே சொல்லணும் சாரே. அவருக்குத் தெரியாம தொட்டா என்னயாக்கும் புரட்டிப் போடுவாரு."

அவன் சிரித்தான். எனக்கு வரவில்லை.

பிப்ரவரி 12

ராஜதாஸ் குழுத் தலைவர். முதல் பெஞ்சு அவர் தகப்பனாருடையது. ஜெபித்துத் திறந்த அன்று அழுதவர். அவர் வீட்டு கேட் வரை போய்த் திரும்பினேன்.

பிப்ரவரி 14

மறுபடியும் கேட் வரை.

பிப்ரவரி 16

ஆராதனை முடிந்து சபை முற்றத்தில் அவரைப் பிடித்தேன். சத்தியபாயின் கல்லைப் புரட்டப் போகிறேன், மற்றவை உங்கள் இஷ்டம் என்று தரையைப் பார்த்தபடி சொல்லி முடித்தேன். தொலைந்தேன் என்று நினைத்தேன்.

"ஒரு வருசமாட்டு நானும் அங்க போயி நிண்ணுட்டுத்தான் வாறேன் சாரே," என்றார். "அப்பனுக்க நெஞ்சுமேல எப்பிடி இருக்கியது?"

"பின்ன ஏன் சொல்லல்ல?"

"நீங்க எழுதின எழுத்தாச்சே. சங்கடப்படுவீங்கன்னாக்கும்."

பிப்ரவரி 17

மற்ற நான்கு வீடுகளிலும் ராஜதாஸே போய்ச் சொன்னார். சோமன் வீட்டில் மட்டும் கொஞ்சம் முணுமுணுப்பு. ஜெனில் ஆறையும் புரட்டினான். சத்தியபாயின் பலகையைத் தூக்கும்போது நான் குளத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பிப்ரவரி 18

அனகா ஐந்து மணிக்கு வந்தார். நான்கு பெஞ்சுகளில் ஆள் இருந்தது. சத்தியபாயின் பெஞ்சில் விலாசினி காலை நீட்டி இருந்தாள். "வாங்க சாரே, இடம் உண்டு," என்றாள். நான் போகவில்லை.

நேற்றுவரை ஒருவரும் உட்காரவில்லை, போனில் நான் சொன்னது உண்மையல்ல என்று அனகாவிடம் சொன்னேன். அவர் எழுதிக்கொண்டார்.

மார்ச் 21

கடிதம் வந்தது. உதவி தொடரும், ஆனால் ஆறு மாதத்துக்குத்தான், பிறகு மீண்டும் வந்து பார்ப்பார்கள். நியாயம்தான்.

சத்தியபாயின் பெஞ்சில் நான் இன்னும் உட்காரவில்லை. ராஜதாஸ் தினமும் ஐந்தரைக்குத் தகப்பனார் பெஞ்சில் ஓரமாக, எனக்கு இடம் விட்டு உட்காருகிறார். பிப்ரவரி 3இல் நான் எழுதிய மூன்றாவது வரி, அவர் சம்மதிக்கமாட்டார் என்றது, தவறு.