தரைக்குப் போய் வரும் வழி

6 ஜனவரி 2025

நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் பத்து முறை எழுந்தேன்! பத்தாவதில் தொடை கிடுகிடுவென்று ஆடியது, விடவில்லையே. பட்டுக்கோட்டையிலிருந்து வாரம் ஒரு நாள் வீட்டுக்கு வந்து பயிற்சி கொடுக்கும் பிசியோதெரபி பெண் அனுராதா அசந்துவிட்டாள்.

"எதுக்கும்மா இவ்வளவு வேகம்?" என்றாள். சொன்னேன். பதினான்கு மாதம் முன்பு குளியலறையில் விழுந்ததிலிருந்து நாற்காலியில் உட்கார்ந்துதான் தொழுகிறேன். மார்க்கம் அனுமதித்ததுதான், குறையொன்றும் இல்லை. ஆனால் நெற்றியைத் தரையில் வைத்து ஒரு சஜ்தா செய்ய மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது. ரமலான் பிறப்பதற்குள் செய்துவிட வேண்டும். அறுபத்தாறு வயதில் இது பேராசையா?

"கீழ போறது பெரிசில்லம்மா. எந்திரிக்கிறதத்தான் கத்துக்கணும்" என்றாள்.

13 ஜனவரி

அடுப்படி மேடையைப் பிடித்து ஒற்றைக் காலில் நின்றேன், இருபது எண்ணும்வரை. குழம்பு அடிப்பிடித்தது. போகட்டும்.

22 ஜனவரி

கட்டிலைப் பிடித்து ஒரு முட்டி தரையில் படும்வரை இறங்கினேன். மகள் ஹுமைரா பார்த்துவிட்டாள். "உம்மா, திரும்ப விழுந்தா யாரு பாக்குறது? உங்க மருமகன் துபாய்ல இருக்காரு. நான் ஒருத்திதானே இங்க?"

நியாயம்தான். அப்போது ஆறு வாரம் என்னைத் தூக்கி உட்கார வைத்தவள் அவள். ஆனாலும் கோபம் வந்தது. நான் என்ன கண்ணாடிச் சாமானா?

4 பிப்ரவரி



ஹுமைரா மீன் வாங்கப் போன நேரம் பார்த்துத் தரையில் உட்கார்ந்துவிட்டேன். எழ முடியவில்லை. கட்டில் ஆறடி தள்ளி, ஃபோன் மேஜைமேல். போச்சு, மாட்டிக்கிட்டேன், அவ வந்தா அவ்வளவுதான் என்று பதறினேன். பிறகு அனுராதா சொன்னது நினைவு வந்தது. "பதறாதீங்க. ஒருக்களிச்சுப் படுங்க, மூச்சு விடுங்க, அப்புறம் தவழுங்க."

தவழ்ந்தேன்! கட்டிலில் முழங்கையை ஊன்றி, வலியில்லாத காலை முன்னே வைத்து, யா அல்லாஹ் என்று ஓர் உந்து. நின்றுவிட்டேன். தனியாக நின்று சிரித்தேன்.

இத்தனை மாதமும் இந்தத் தரைக்குத்தானே பயந்தேன்? கால்மணி நேரம் அதன்மேல் கிடந்தாயிற்று, அது ஒன்றும் செய்யவில்லை. யாரோடும் பேசப் பிடிக்காமல் இருந்தவள், இன்று நானே பழைய தோழி மர்யமை ஃபோனில் கூப்பிட்டு அரைமணி நேரம் அரட்டை அடித்தேன். அவளுக்கே ஆச்சரியம்.

5 பிப்ரவரி

ஹுமைராவிடம் சொல்லிவிட்டேன். மூச்சுவிடாமல் திட்டினாள். திட்டி முடித்து, "எப்படி எந்திரிச்சீங்க? காட்டுங்க" என்றாள். இரண்டு முறை காட்டினேன்.

19 பிப்ரவரி

கட்டில் இல்லை, ஸ்டூல் இல்லை. முட்டியில் கை வைத்து எழுந்தேன்! அனுராதா வீடியோ எடுத்தாள்.

27 பிப்ரவரி

மாலை அஸர் தொழுகை. முசல்லாப் பாயைத் தரையில் விரித்தேன். முட்டி, கை, பிறகு நெற்றி. கேட்க வேண்டுமென்று வைத்திருந்த துஆ எல்லாம் மறந்துபோயிற்று. அழுதேன். நேரமாகிவிட்டது போல, ஹுமைரா ஓடிவந்தாள்.

"உம்மா, எந்திரிக்க முடியலயா? தூக்கவா?"

தொழுகையில் எப்படிப் பதில் சொல்வது? மெதுவாக, முட்டியில் கை வைத்து எழுந்தேன். இரண்டு கையையும் நீட்டியபடி பக்கத்திலேயே நின்றாள், தொடவில்லை.

சலாம் கொடுத்துத் தொழுகையை முடித்த பிறகுதான் சொன்னேன். "முடியாமப் போகலடி. எந்திரிக்க மனசு வரல."