பூட்டிய ஃபிரிட்ஜும் பக்கத்து வீட்டுப் பாலும்

அத்தை,

உங்கள் ஃபிரிட்ஜ் இப்போது வராந்தாவில் நிற்கிறது. கதவு ஆவென்று திறந்து கிடக்கிறது. உள்ளேயிருந்து வருகிற வாடை கூடம் வரைக்கும் வந்துவிட்டது. புளித்த மாவு, பெருங்காயம், வாடிய மல்லிகை, எல்லாவற்றுக்கும் அடியில் அந்தப் பழைய ரப்பர் நாற்றம். நீங்களே வந்து நிற்கிற மாதிரி இருக்கிறது. அதனால்தான் எழுதுகிறேன். பாசத்தில் எழுதுவதாக நினைத்துக்கொள்ள வேண்டாம்.

பௌர்ணமிக்கு முந்தின நாள் அது ஒரேயடியாகப் படுத்துவிட்டது. நீங்கள் போனதிலிருந்தே இழுத்துக்கொண்டுதான் இருந்தது. கதவு மூடாது, ஸ்டூலை முட்டுக் கொடுக்க வேண்டும். மோட்டார் போடுகிற சத்தத்தில் டிவி கேட்காது. மாற்றலாம் என்று நான் வாயெடுத்தால் போதும், "அம்மா ஆசையா வாங்கினது, இருந்துட்டுப் போகட்டுமே" என்று உங்கள் மகன் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொள்வார். இந்த முறை நான் யாரையும் கேட்கவில்லை. நேராகக் கடைக்குப் போனேன்.

"பூட்டு இல்லாத ஃபிரிட்ஜ் இருக்குதாங்க?" என்றேன்.

கடைக்காரர் ஒரு மாதிரிப் பார்த்தார். "பூட்டு இருந்தா நல்லதுதானே மேடம்? கொழந்தைங்க தொறக்காம இருக்கும்."

"அதனாலதான் வேணாம்ங்கறேன்."

கிரிவலக் கூட்டத்துக்காக ரோட்டை அடைத்துவிட்டதால் வண்டி இரண்டு நாள் கழித்துத்தான் வந்தது. இரண்டு கதவு வைத்த ஃபிரிட்ஜ். ஒரு பூட்டும் கிடையாது.

இந்த வீட்டுக்கு மருமகளாக வந்த புதிதில், சாமான்களை நீங்களே ஃபிரிட்ஜில் வைத்துப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டதைப் பார்த்து, ஏதோ விளையாட்டு என்று சிரித்தேன். பிறகுதான் தெரிந்தது. தயிர் வேண்டுமா, உங்களைக் கேட்க வேண்டும். நாலு பச்சைமிளகாய் வேண்டுமா, உங்களைக் கேட்க வேண்டும். "எதுக்கு?" என்பீர்கள். சொன்னால், "அதுக்கு இவ்ளோ ஜாஸ்தியா?" என்பீர்கள். ஒரு பௌர்ணமிக்கு கீழ்பென்னாத்தூரிலிருந்து உங்கள் சொந்தக்காரர்கள் மலை சுற்ற வந்திருந்தார்கள். ஒரு பெரியவர் என்னிடம் குளிர்ந்த தண்ணீர் கேட்டார். நான் உங்கள் பக்கம் திரும்பினேன். "அவளைக் கேட்டா எப்படிக் கெடைக்கும்? சாவி எங்கிட்டல்ல இருக்குது" என்று அத்தனை பேர் நடுவிலும் இடுப்பைத் தட்டிக் காட்டிச் சிரித்தீர்கள். அவர்களும் சிரித்தார்கள். உங்கள் மகனும்தான்.

அதையெல்லாம்கூட மறந்திருப்பேன். அந்தப் பிரதோஷத்தை மறக்க மாட்டேன். கயலுக்கு அப்போது இரண்டு வயதுகூட நிரம்பவில்லை. காய்ச்சல். காலையிலிருந்து எதுவும் உள்ளே இறங்காமல், சாயங்காலம் தானாகவே "பாலு, பாலு" என்று அழ ஆரம்பித்தாள். பால் ஃபிரிட்ஜில் இருந்தது. சாவி உங்கள் இடுப்பில், நீங்கள் கோயிலில், நந்திக்குப் பக்கத்தில். குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு அந்தக் கதவை இழுத்து இழுத்துப் பார்த்தேன். கடைசியில் பக்கத்து வீட்டு மல்லிகாவிடம் போய் ஒரு டம்ளர் பால் வாங்கி வந்தேன்.

திரும்பி வந்து விபூதியை நீட்டியபடியே விஷயத்தைக் கேட்டீர்கள். குழந்தைக்கு எப்படி இருக்கிறது என்று கேட்கவில்லை. "ஊட்ல பால் இருக்கறப்ப பக்கத்து ஊட்டுல போயி கையேந்தினியா? எம் மானமே போச்சு" என்றீர்கள். அதற்குப் பிறகு நான்கு நாள் என்னோடு பேசவில்லை. உண்மையைச் சொன்னால் எனக்கு அது நிம்மதியாகத்தான் இருந்தது.

உங்கள் கடைசி நாளில் நடந்தது உங்களுக்குத் தெரிந்திருக்காது. மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. "வாயில பால் ஊத்துங்கம்மா, நேரமாயிடுச்சு" என்றார் உங்கள் அக்கா. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் உங்கள் இடுப்பைப் பார்த்தேன். புரண்டு படுக்கத் தெம்பில்லாத உங்கள் கை அந்தச் சாவியை மட்டும் பொத்திப் பிடித்திருந்தது. உங்கள் மகன் குனிந்து விரல்களைப் பிரிக்கப் போனார்.

"விடுங்க" என்றேன். "அவங்களே வச்சிக்கட்டும்."

டம்ளரை எடுத்துக்கொண்டு மல்லிகா வீட்டுக்குப் போனேன். அவள் ஒரு வார்த்தை கேட்காமல் ஊற்றிக் கொடுத்தாள். அந்தப் பாலைத்தான் உங்கள் வாயில் விட்டேன், அத்தை. இரண்டு ஸ்பூன் உள்ளே போனது. எந்த வீட்டுப் பால் என்று தெரிந்திருந்தால் துப்பியிருப்பீர்கள். இதற்காக நான் வருத்தப்படவில்லை. அன்றும் படவில்லை, இன்றும் இல்லை.

உங்களைக் குளிப்பாட்டியவர்கள் கழற்றிக் கொடுத்த சாவியை உங்கள் மகன் உங்கள் படத்து ஆணியில் மாட்டிவைத்தார். தினமும் விளக்கேற்றும்போது அது என்னை முறைக்கும். இன்று காலை அதை எடுத்து, வராந்தாவில் நிற்கிற ஃபிரிட்ஜின் பூட்டிலேயே செருகிவிட்டேன். நாளைக்குக் கடை ஆட்கள் பழையதை எடுத்துப்போக வருவார்கள். சாவியோடு போகட்டும். உங்கள் மகனும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

இதோடு தீர்ந்தது என்றுதான் நினைத்தேன். சற்று முன்பு மோர் கரைக்கத் தயிர் எடுக்கப் போனேன். புதுக் கதவு, விரல் பட்டாலே திறந்துகொள்கிறது. ஆனால் என் கை கதவுக்கு முன்னால் நின்றுவிட்டது. தலை தானாகக் கூடத்துப் பக்கம் திரும்பியது. "அத்தை, சாவி" என்று வாய்விட்டே கேட்டுவிட்டேன்.

உள்ளேயிருந்து கயல், "யாரைம்மா கூப்பிட்டே?" என்றாள்.

"யாரையும் இல்லை" என்று சொல்லிவிட்டு, உங்கள் பதிலுக்காக இன்னும் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றிருந்தேன்.