பிள்ளைக் கட்டிலில் உன் பக்கம்

மச்சான்,

வவுனியாவில் ஒரு தகரப்பேணி வார்னிஷ் வாங்கினேன். பேணியின் மேல் பல்லில்லாத வெள்ளைக்காரக் குழந்தை ஒன்று வாயைத் திறந்து சிரித்துக்கொண்டிருக்கிறது. "பிள்ளையள் வாயிலை வைச்சாலும் ஒண்டும் செய்யாது, ஐயா," என்றார் கடைக்காரர். "நீங்கள் கடிச்சுப் பாத்தனீங்களோ?" என்று கேட்டேன். அவர் சிரித்தார். நான் பகிடிக்குக் கேட்கவில்லை என்பது உனக்குத் தெரியும்.

வீட்டுக்கு வந்து மூடியைத் திறந்தால் மணமே இல்லை. வார்னிஷ் என்றால் மூக்கு எரியவேண்டாமா? குனிந்து மூச்சை இழுத்து மணந்து பார்த்தேன். அப்போது எனக்கு மணந்தது என்ன தெரியுமா? சுறா எண்ணெய். பேணிக்குள் இருந்து அல்ல, நீ இருந்த காலத்திலிருந்து. அப்படியே மூடியை வைத்துவிட்டுச் சிரித்தேன், பிறகு கொஞ்சம் அழுதேன். நீ போய் ஒன்றரை வருடமாகியும் உன்னோடு கதைக்கிற பழக்கம் எனக்கு விடுபடவில்லை.

என் மகளுக்கு, உன் மருமகளுக்கு, பிள்ளை பிறந்திருக்கிறது. கடையில் கட்டில் வாங்கலாம் என்றார்கள். மரத்தூளை அமத்தி ஒட்டின பலகைக்கு மேலே பூப்படம் ஒட்டி வைத்திருக்கிறார்கள், அதற்குப் பெயர் கட்டிலாம். முதிரை மரத்தில் நானே செய்கிறேன் என்று சொல்லிவிட்டேன். செய்தும் முடித்தேன். என்ன பூசுவது என்ற இடத்தில்தான் நீ வந்து நின்றாய்.

தொண்ணூறுகளில் அவளுக்காக நான் செய்த கட்டிலும் முதிரைதான். இரண்டு பிள்ளைகள் தங்காமல் போன பிறகு பிறந்தவள் அவள். நிறை குறைந்த பிள்ளை. கிளினிக்கில் ஒவ்வொரு முறையும் தராசில் வைக்கும்போது பெற்றவள், உன் தங்கச்சி, கண்ணை மூடிக்கொள்வாள். அந்தப் பிள்ளைக்குப் பல் முளைக்கத் தொடங்கியதும் கைக்கு எட்டியதெல்லாம் வாய்க்குள் போனது. பாயின் ஓரம், என் சேட்டுப் பொத்தான், உன் விரல். கட்டிலில் நிறுத்தினால் மேல்சட்டத்தைத்தான் கடிப்பாள் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

எனக்கோ கட்டில் மினுங்கவேண்டும். வீட்டுத் தளபாடம் செய்கிற தச்சனுக்கு அது ஒரு நோய். நீ வள்ளம் கட்டுகிறவன், உனக்குத் தண்ணீர் உள்ளே வராவிட்டால் போதும். பொருளாதாரத் தடைக்காலத்தில் வார்னிஷுக்கு எங்கே போவது? வவுனியாவைத் தாண்டி ஒரு சொட்டு வராது. ஆனால் உன் கொட்டிலில், வலைக்குக் கீழே, வள்ளத்தின் அடிக்குப் பூசுகிற சிவப்புப் பெயின்ற் அரைப் பேணி இருந்தது. உன் வள்ளத்துக்கென்று நீ அதைக் குழந்தையைப் போலப் பொத்தி வைத்திருந்தாய். கேட்டேன். "தரமாட்டன்," என்றாய். ஒரே சொல். என்ன ஏது என்று ஒன்றுமில்லை.

"சொந்த மருமகளை விட உனக்கு வள்ளம் பெரிசோ?" என்றேன். நீ பீடியைப் பற்றவைத்துக்கொண்டு கடலைப் பார்த்தாய். அந்த முகத்தைப் பார்த்தால் யாருக்கும் கோபம் வரும். அன்றிலிருந்து நாம் இரண்டு பேரும் கதைக்கவில்லை. உன் தங்கச்சி நடுவில் நின்று, "அண்ணை சொன்னதை உங்களிட்டைச் சொல்லுறதும், நீங்கள் சொன்னதை அண்ணையிட்டைச் சொல்லுறதும், எனக்கு வேறை வேலை இல்லையோ?" என்று கத்துவாள்.

பிறகு அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தது. பிள்ளையையும் தூக்கிக்கொண்டு நாங்கள் பூசைக்குப் போயிருந்தோம். திரும்பி வந்தால் முற்றத்தில் பூனைகள். ஊரில் இத்தனை பூனை இருந்ததே எனக்குத் தெரியாது. எல்லாம் கட்டிலைச் சுற்றி நின்று மாறி மாறி நக்குகின்றன. ஒன்று உள்ளேயே ஏறிப் படுத்திருந்தது. கட்டில் முழுக்கச் சுறா எண்ணெய், வள்ளத்துக்குப் பூசுகிற கணக்கில் வழிய வழிய. நீ ஈர்க்குமாற்றோடு நின்று, முன்பக்கத்துப் பூனையைக் கலைக்கப் பின்பக்கத்துப் பூனை ஏற, வியர்த்து ஒழுகிக்கொண்டிருந்தாய்.

உன் தங்கச்சி பிள்ளையோடு வேலிப் படலையிலேயே நின்றுவிட்டாள். "அண்ணை, என்ன செய்து வைச்சிருக்கிறியள்?"

"குடிச்சாலும் பிழையில்லாத சாமான், பிள்ளை. மெலிஞ்ச பிள்ளையளுக்கு மருந்தாக் குடுக்கிறதுதானே," என்றாய் நீ. அதில் பிழை பிடிக்க முடியாது. அப்படியே என் பக்கம் திரும்பி, எத்தனையோ நாளைக்குப் பிறகு என்னோடு கதைத்தாய். "டேய், அந்தச் சிவப்புப் பெயின்ற் வள்ளத்திலை பாசி, சிப்பி ஒண்டும் பிடிக்காமல் கொல்லுற நஞ்சுச் சாமான். சிப்பியைக் கொல்லுறது உவளை விடுமோ?"

"அதை அண்டைக்கே சொல்லியிருக்கலாமே?"

"நீ வள்ளம் பெரிசோ எண்டு கேட்டாய். அதுக்கு என்னத்தைச் சொல்ல?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நீ மானஸ்தன், நானும் மானஸ்தன், நடுவில் பூனைகள். கஞ்சன் என்று உன்னை நினைத்ததை அன்றோடு விட்டேன். பீடி விஷயத்தில் மட்டும் இன்றைக்கும் கஞ்சன் என்றுதான் சொல்வேன்.

பிறகு நாம் இரண்டு பேருமாகக் கட்டிலைச் சாம்பல் போட்டுக் கழுவினோம், வெயிலில் காயவைத்தோம், மேலால் சீவி எடுத்தோம். எண்ணெய் ஊறிய சீவல் எறும்புக்குப் போனது. நீ சைக்கிளில் முள்ளியவளைப் பக்கம் போய், காட்டில் தேன் எடுக்கிற ஒருவரிடம் கருவாடு கொடுத்துத் தேன்மெழுகு வாங்கி வந்தாய். நான் இலுப்பெண்ணெய் தேடினேன். சனம் அதில் பலகாரம் சுட்டுத் தின்ற காலம் அது. இரண்டையும் சுடுதண்ணீருக்குள் சட்டி வைத்து உருக்கி, பழைய வேட்டித்துணியால் தேய்த்தோம். மினுக்கம் என்று சொல்ல முடியாது. தடவினால் கை வழுக்கிக்கொண்டு போகும், அவ்வளவுதான்.

முடிந்ததும் பெருமையாக, "கொண்டா பிள்ளையை," என்றேன். உன் தங்கச்சி அசையவில்லை. பிள்ளையை இடுப்பில் இறுக்கிக்கொண்டு சொன்னாள், "முதல்லை நீங்கள் ரெண்டு பேரும் கடிச்சுக் காட்டுங்கோ. நாளைக்குக் காலமை ஒண்டும் இல்லையெண்டால் பிறகு பிள்ளையை விடுறன்."

பகிடி என்று நினைத்தேன். அவள் முகத்தைப் பார்த்ததும் பகிடி இல்லை என்று விளங்கியது. இரண்டைப் புதைத்த தாய் அவள். நீ குனிந்தாய். இந்தப் பக்கத்துச் சட்டத்தை நான், அந்தப் பக்கத்துச் சட்டத்தை நீ. வளர்ந்த இரண்டு ஆம்பிளைகள் முற்றத்தில் நின்று கட்டிலைக் கடித்தோம். வேலிக்கு மேலால் பக்கத்து வீட்டுச் சனம் பார்த்தது. நீ பல் அடையாளம் விழக் கடித்துவிட்டு, வாயைத் துடைத்துச் சொன்னாய்: "உப்புத்தான் குறைவு."

உன் தங்கச்சி அப்படிச் சிரித்து நான் அதற்கு முன்பு கண்டதில்லை. அடுத்த நாள் காலை நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு முனகியபடி படலையால் வந்ததும், அவள் அகப்பையோடு உன்னைத் துரத்தியதும் வேறு கதை. பிள்ளை அன்றே கட்டிலுக்குப் போனாள். அந்த மாதம் முழுக்க உன் பல் அடையாளத்துக்குப் பக்கத்திலேயே அவளும் கடித்தாள். தராசில் அவள் நிறை ஏறவும் தொடங்கியது.

அந்தக் கட்டிலைப் பிறகு சண்டையில் ஓடிய ஓட்டத்தில் எங்கோ விட்டோம். யாரோ எரித்திருப்பார்கள், அல்லது யாரோ ஒரு பிள்ளை படுத்திருக்கும். பின்னதுதான் என்று நான் நினைத்துக்கொள்கிறேன்.

இப்போது புதுக் கட்டிலுக்கு அந்தப் பேணி வார்னிஷைத்தான் பூசினேன். மெழுகு வேண்டாமென்று இல்லை, மகள் பேணியில் எழுதியிருந்ததையெல்லாம் வாசித்துப் பார்த்து இதுவே நல்லது என்றாள். நன்றாகக் காயும்வரை பிள்ளையை வைக்கவேண்டாம் என்றும் எழுதியிருந்தது. காயவிட்டேன். நேற்றுப் பின்னேரம் கட்டிலை முற்றத்தில் வைத்து, மிச்சமிருக்கிற பல்லால் இந்தப் பக்கத்துச் சட்டத்தைக் கடித்தேன். கசப்புமில்லை, ஒன்றுமில்லை. நிமிர்ந்தபோதுதான் அந்தப் பக்கம் வெறுமையாக இருப்பது தெரிந்தது. உன்னை அடக்கம் செய்த அன்றுகூட எனக்கு அப்படி இருக்கவில்லை மச்சான்.

உன் தங்கச்சி குசினி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். கையைச் சீலையில் துடைத்துக்கொண்டு வந்தாள். "தள்ளுங்கோ, அண்ணையின்ரை பக்கம் நான் கடிக்கிறன்," என்று சொல்லிக் குனிந்தாள். அவளுக்கும் முழங்கால் வருத்தம், சட்டத்தைப் பிடித்துக்கொண்டுதான் குனிய முடிந்தது. கடித்துவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே நெற்றியைச் சட்டத்தில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"என்ன மாதிரி?" என்று கேட்டேன்.

"உப்புத்தான் குறைவு," என்றாள்.

இன்று காலை எங்கள் இரண்டு பேருக்கும் வயிறு சுகம். பேத்தியைக் கட்டிலில் வைத்தோம், உன் பக்கமாக.