வேலியோரத்து நீலப்பூவும் தொப்பிக்காரியும்

பெப். 4, செவ்வாய்

காலையிலேயே கொதிக்கும் வெயில், இந்த நாட்டில் இது கோடை. இரவு வேலை முடிந்து வந்து படுத்தும் நித்திரை இல்லை. திரைச்சீலையை விலக்கினால் மறுபடியும் அவள். வயசான வெள்ளைக்காரி, தொப்பி, கழுத்தில் கமரா. நாலைந்து படம் எடுத்தாள். இந்த ரோட்டில் எத்தனை வீடு, ஏன் எங்கள் வீடு?

என் விசா முடிந்துவிட்டது. புதியது இன்னும் வரவில்லை. இமிகிரேஷன்காரர் பிடித்தால் தடுப்பு முகாம்தான்.

பெப். 5

இன்றும். எப்போதும் காலையில்தான், பின்னேரம் ஒரு நாளும் இல்லை. இமிகிரேஷன் ஒஃபிஸ்காரர் வேலைக்கு வரும் நேரம்.

கூட இருக்கும் ரவி அண்ணையிடம் சொன்னேன். அவருக்கு சிட்டிசன் கிடைத்தாயிற்று, பயமில்லை. குசினிக்குள் சமைத்துக்கொண்டு நின்றவர் சிரித்தார்.

"டேய், அவ வேலிக்கரையில நிக்கிற பூவையெல்லோ எடுக்கிறா."

"பூ எடுக்க ஒவ்வொரு நாளும் வருவினமோ அண்ணை?"

கறியைக் கிளறத் திரும்பிவிட்டார். இவரையும் நம்பலாமா?

பெப். 6

ஸ்பிரிங்வேல் கடைகளில் வாங்க: அரிசி, சவர்க்காரம், பனடோல்.

பூவைக் கிட்டப் போய்ப் பார்த்தேன். நீலம், இடுப்பளவு உயரம். ஃபோனுக்குக் காட்டினால் சிக்கரியாம். கோப்பித் தூளில் கலப்பார்களே, அது. ஐரோப்பாக் காட்டுச்செடி. உரம் வேண்டாம், தண்ணீர் வேண்டாம். வெயிலும் இறுகிய மண்ணும் போதும். எங்கள் வாடகை வீட்டு வாசலில் வேறென்ன முளைக்கும்!

மத்தியானத்தோடு பூ மூடிவிடுமாம். அதுதான் காலையில் வருகிறாளோ? அப்படி நம்பவைக்கத்தான் இருக்கும்.

பூ இல்லாமற் போனால் நிற்க அவளுக்குச் சாட்டு இல்லை. பிறகும் வந்தால் சந்தேகமே இல்லை, இமிகிரேஷன்தான். குசினிக் கத்தியால் எல்லாவற்றையும் வெட்டிக் குப்பைத்தொட்டியில் போட்டேன்.

பெப். 7, வெள்ளி

கதவில் தட்டு. அவளேதான்! பின்கதவால் பாய்ந்து கராஜுக்குள் ஒளிந்தேன். கொஞ்ச நேரத்தில் ரவி அண்ணை வந்தார்.

"வெளியால வா. அவ போயிட்டா."

"என்ன கேட்டவ?"

"உன்ர பேரும் கேக்கேல்லை, விசாவும் கேக்கேல்லை. பூவுக்கு என்ன நடந்ததெண்டு கேட்டவ. அவவிட மனுசன் படுத்த படுக்கையாம். அவரிட ஊர்ப் பூவாம். மற்ற வீட்டுக்காரர் புல்லு வெட்டுறதால இங்க மட்டும்தான் நிக்குதாம். படம் எடுத்துக்கொண்டு போய் அவருக்குக் காட்டுறவவாம்."

"நீங்கள் என்ன சொன்னீங்கள்?"

"கவுன்சில்காரர் வெட்டிப்போட்டினம் எண்டன். அழுதுகொண்டு போறா."

வெட்கமாக இருக்கிறது. வேரை நான் தோண்டவில்லை. திரும்ப முளைக்குமாம். பூக்க எவ்வளவு நாள் எடுக்கும் என்று ஃபோனில் தேடித் தேடிப் பார்க்கிறேன், ஒவ்வொரு இடத்தில் ஒவ்வொன்று போட்டிருக்கிறது. அந்த மனுசர் அதுவரை இருப்பாரா?